கொதிக்க வைத்தாலும் போகாது!

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளியும் காய்கறியும் விளையும் தோட்டங்கள் நிறைய. கிணற்றுப் பாசனம்தான். தோட்டத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அம்மாயி என்ன சொல்வார்? "கெணத்துத் தண்ணிய நல்லாக் கொதிக்க வெச்சுக் குடு கண்ணு, ஒண்ணும் பண்ணாது!"

கிருமிகளுக்கு இது சரி. ஆனால் நைட்ரேட்டுக்கு?

யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. பயிர் கரும்பச்சையாக நிற்கிறதே என்று மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறோம். பயிர் எடுத்தது போக மிச்சம் மண்ணில் நைட்ரேட்டாக மாறி, தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றில் கலக்கிறது. கிணற்றோரக் குப்பைமேடும் கழிவறைக் குழியும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

1945-ல் அமெரிக்காவின் அயோவாவில் டாக்டர் ஹண்டர் காம்லி ஒன்றைக் கவனித்தார். கிணற்றுத் தண்ணீரில் கலந்த புட்டிப்பால் குடித்த சிசுக்கள் நீலம் பாரித்துப் போயின. காரணம் நைட்ரேட். அது குழந்தையின் வயிற்றில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம்.

நம் நாட்டில் குடிநீருக்கான வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். நைட்ரேட்டுக்கு நிறமில்லை, வாசனையில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும். நைட்ரேட் அப்படியே தங்கி, இன்னும் அடர்த்தியாகும்!

நீங்கள் செய்ய வேண்டியது:

* ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்.

* புட்டிப்பால் தவிர்க்க முடியாதா? பரிசோதித்த தண்ணீரில் மட்டும் கலக்குங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடத்தில் கிணற்று நீரைச் சோதிக்கலாம்.

* குழந்தையின் உதடும் நகமும் நீலமாகத் தெரிந்தால், கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தோட்டத்துக்காரர்களுக்கு: சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவு உரத்தை மட்டும் பல தவணையாகப் பிரித்துப் போடுங்கள். தக்கைப்பூண்டு அல்லது சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். செடி மட்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகப் பயிருக்குக் கிடைக்கும். யூரியாச் செலவும் குறையும். தொழுவுரமானாலும் அளவோடுதான், குப்பைமேடு கிணற்றை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

அம்மாயியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: "கொதிக்க வெச்சா கிருமி சாகும் அம்மாயி, உரம் போகாது. மொதல்ல தண்ணியச் சோதிச்சுப் பாத்துடலாம்!"