விடுமுறையும் எழுத்துப் பட்டறையும்

விடுமுறை என்றதும் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மேலதிக வகுப்பு. உயர்தர மாணவி என்றால் சொல்லவே வேண்டாம். வகுப்பு இல்லாத நாளில் கடந்தகால வினாத்தாள்கள். சுற்றுலா என்றால் நுவரெலியா. இவை தவிர விடுமுறையைக் கழிக்க இன்னொரு வழியும் உண்டு. சில நாட்களை ஒதுக்கி, ஒரு கலையைச் செய்து பழகப் போவதே அது.

இதில் இரண்டு வகை உள்ளன. முதலாவது பட்டறை. கொல்லன் வேலை செய்யும் இடத்துக்கும் பட்டறை என்றுதான் பெயர். அங்கே யாரும் சும்மா உட்கார்ந்து பேச்சுக் கேட்பதில்லை. 1978 இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, நாடகத்தைக் களப்பயிற்சி மூலம் கற்பித்தது. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் பிரெட் லோஃப் என்னும் எழுத்தாளர் மாநாடு 1926 முதல் கோடைகாலத்தில் நடந்து வருகிறது.

இரண்டாவது, தனித்திருந்து படைப்பது. 1907 இல் மரியன் மெக்டவல் என்ற பியானோ கலைஞர், தம் கணவரான இசையமைப்பாளர் எட்வர்ட் மெக்டவலுடன் சேர்ந்து, நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த தமது பண்ணையைக் கலைஞர்களுக்குத் திறந்துவிட்டார். அங்கே தங்குபவர்களுக்கு மரங்களுக்கு நடுவே தனித்தனி வேலையறைகள். பகல் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் விட்டுச் செல்வார்கள். எழுதிக்கொண்டிருப்பவரைச் சாப்பிடக்கூடக் கூப்பிடாத ஓர் இடம்! எனக்குப் பொறாமையாக இருந்தது.

தனித்திருத்தல் எமக்குப் புதிதல்ல. நபி (ஸல்) அவர்கள் ஹிரா குகையில் தனித்திருந்தார்கள். ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் இஃதிகாஃப் இருப்பது எமது மார்க்கத்தில் உள்ளது. இபாதத்தையும் கதை எழுதுவதையும் நான் ஒன்றாக்கவில்லை. அன்றாட வேலைகளிலிருந்து விலகி நேரத்தை ஒதுக்கினால்தான் மனம் ஒன்றில் நிற்கும் என்பது எமக்குத் தெரிந்த விடயம் என்றே சொல்கிறேன்.

முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில்தான் நீண்ட விடுமுறை. அப்படியொரு விடுமுறையில் வெள்ளவத்தையில் மூன்று நாள் எழுத்துப் பட்டறை நடப்பதாக அறிந்தேன். காலை ஒன்பது மணியிலிருந்து ளுஹர் வரை. உம்மா சம்மதிக்கவில்லை. "சோதனை கிட்ட வருது மகள். கதை எழுதி என்ன கிடைக்கப் போகுது?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான். பட்டறைக்குப் போவதால் இசட் புள்ளி கூடாது. இறுதியில் ராத்தா கூட வருவதாகச் சொன்ன பிறகே அனுமதி கிடைத்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வந்து, காலி வீதி பஸ் பிடித்துப் போனோம்.

முதல் நாள் தந்த பயிற்சி இதுதான்: "நேற்று உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பழமொழி வேண்டாம், முடிவில் புத்திமதியும் வேண்டாம்." கட்டுரைப் போட்டிகளுக்கு எழுதிப் பழகிய எனக்கு அரை மணித்தியாலம் கை ஓடவில்லை. பிறகு தம்பி பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாளியோடு வந்ததையும், படிக்கட்டெல்லாம் அதைச் சிந்தியதையும் எழுதினேன். வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு பிள்ளை மட்டும், "படிக்கட்டை யார் கழுவினது?" என்று கேட்டாள்.

"உம்மா."

"அவங்க கதையில இல்லையே?"

எனக்குப் பதில் இருக்கவில்லை. மறுநாள் முழுவதையும் திருப்பி எழுதினேன். இம்முறை, அஸர் முதல் மஃரிப் வரை ஒரு தடவையும் உட்காராத உம்மா அதில் இருந்தார்.

நோன்பு திறந்த பிறகு அதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "என்னையுமா எழுதின மகள்?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து ளுஹருக்குப் பின் ஒரு மணித்தியாலம் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இரவில் பாத்திரம் கழுவும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மெக்டவல் பண்ணையின் கூடையையும் யாரோ ஒருவர் சமைத்து நிரப்பித்தானே வாசல்வரை சுமந்திருப்பார்!

பெற்றோரே, பிள்ளை பட்டறைக்குப் போகக் கேட்டால், யார் நடத்துகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும், தொழ இடமுண்டா, கட்டணம் எவ்வளவு என்று கட்டாயம் விசாரியுங்கள். பதில் திருப்தியானால் அனுப்பிப் பாருங்கள். இரவு தங்கும் முகாமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

சகோதரிகளே, பட்டறை கிடைக்காவிட்டால் 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தை 57 ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் தொலைபேசியை உம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டின் ஒரு மூலையில் ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். எழுதியதை ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் "இதில் யார் இல்லை?" என்று கேட்டால் கோபிக்க வேண்டாம். நான் எழுதக் கற்றது அந்தக் கேள்வியிலிருந்துதான்.