ஒளிரும் நுண்படிகங்கள்
1839ஆம் ஆண்டு உருசியாவின் யூரல் மலையிலிருந்து அறியப்பட்ட கனிமம் பெரோவ்ஸ்கைட். அதன் அணு அடுக்கமைப்பை ஒத்த சீசியம் காரீய ஹாலைடு நானோபடிகங்களை, 2015இல் சூரிச் நகர ஆய்வாளர்கள் உலகிற்கு அறிமுகப்படுத்தினர்.

காரீய ஹாலைடு கரைந்த சூடான கரைசலில் சீசியம் ஓலியேட்டை விரைந்து செலுத்துவர். நொடிப்பொழுதில் படிகங்கள் தோன்றும். உடனே பனிக்கட்டி நீரால் குளிர்வித்து, அவற்றின் வளர்ச்சியைத் தடுப்பர். ஓலியிக் அமிலமும் ஓலைலமீனும் படிகங்களைப் போர்த்தி, அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும்.

இப்படிகங்களில் குளோரைடு ஊதா ஒளியையும், புரோமைடு பச்சையையும், அயோடைடு சிவப்பையும் தரும். இத்தூய நிறங்கள் ஒளி உமிழும் டையோடுகளுக்குப் பெரிதும் ஏற்றவை.

ஆயினும், ஈரப்பதமும் வெப்பமும் இப்படிகங்களைச் சிதைக்கும். காரீயமோ நச்சுத்தன்மை உடையது. ஒளியைக் குறைக்காமல் இவ்விரு குறைகளையும் களைவதே ஆய்வாளர்முன் உள்ள பெரும்பணியாகும்.