ரெசின் மாருத் கட்டப்போகும் தம்பிக்கு



பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மனசு விட்டுப்போய் எழுதியிருக்கிறாய். இறக்கை லேசாக வளைந்திருக்கிறது, உடலின் இடது பாதி வலதைவிட ஒரு மயிரிழை நீளம், வால் நுனியில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி, ஒவ்வொரு பாகத்தின் அடியிலும் ஒரு வேண்டாத கட்டை. திருப்பி அனுப்பிவிடலாமா என்று கேட்கிறாய். வேண்டாம். ரெசின் கிட் இப்படித்தான் வரும்.

நீ இதுவரை கட்டியவை உலோக அச்சில் அழுத்தி வார்த்த பிளாஸ்டிக் கிட்டுகள். அந்த அச்சுக்குப் பெரும் பணம் ஆகும். ஸ்பிட்ஃபயர் போல எல்லோருக்கும் தெரிந்த போர்விமானம் என்றால் போட்ட காசை எடுத்துவிடலாம். மொத்தம் 147 மட்டுமே தயாராகி, இந்திய விமானப்படையில் மட்டுமே பறந்த மாருத் போர்விமானத்துக்கு யார் அவ்வளவு செலவழிப்பார்கள்? அதனால் சின்னப் பட்டறைக்காரர் ஒருவர் மூல உருவத்தைக் கையால் செய்து, சிலிகான் ரப்பரில் அச்செடுத்து, இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றி வார்க்கிறார். சில பத்து வார்ப்புகளில் அந்த ரப்பர் தேய்ந்து கிழிய ஆரம்பித்துவிடும். கலக்கும்போது சிக்கிய காற்றுதான் உன் வால் நுனிக் குழி. இறுகும்போது ஏற்பட்ட சுருக்கம்தான் அந்த மயிரிழை.

ஆகவே கிட்டை நம்பாதே, விமானத்தைப் பார். பெங்களூரில் எச்ஏஎல் அருங்காட்சியகத்தில் ஒரு மாருத் நிற்கிறது. கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் இன்னொன்று. போய் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்து வா. அதை வடிவமைத்தவர் ஃபோக்கே-வுல்ஃப் 190 போர்விமானத்தை உருவாக்கிய கர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர். அவரும் அவசரப்படவில்லை. முதலில் மரத்தில் அதே அளவில் ஒரு கிளைடர் செய்து, 1959இல் டகோட்டா விமானத்தால் இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஜெட் என்ஜினோடு முதல் மாருத் எழும்பியது 1961 ஜூன் 17 அன்றுதான்.

முதல் வேலை குளிப்பாட்டுவது. அச்சிலிருந்து பாகம் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பசை எல்லாவற்றின் மேலும் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவாவிட்டால் பெயின்ட் பிற்பாடு தோல் தோலாக உரியும். அடுத்தது கட்டைகளை அறுப்பது. மெல்லிய ரம்பம் வேண்டும். கட்டையும் பாகமும் சேரும் கோட்டை ஒட்டி அறுக்காமல் ஒரு மில்லிமீட்டர் தள்ளி அறுத்து, மிச்சத்தை வாட்டர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து எடு. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் விடாமல் தேய்க்கவே கூடாது. அறுக்கும்போது மாஸ்க் போட்டுக்கொள். இதில் மட்டும் நான் சொன்னதை அப்படியே கேள்.

வளைந்த இறக்கைக்குப் பயப்படாதே. கொதிக்கவிட்டு இறக்கிக் கொஞ்சம் ஆறிய தண்ணீரில் போட்டால் ரெசின் இளகும். எடுத்து, கண்ணாடிப் பலகையில் சமமாக அழுத்திப் பிடித்துக் குளிர்ந்த தண்ணீரில் விடு. ஒரே தடவையில் நேராகாவிட்டால் மறுபடி செய்.

உண்மையான சிரமம் இடுப்பில்தான். மாருத்தை மேலிருந்து பார், இறக்கை சேரும் இடத்தில் உடல் ஒடுங்கும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இழுவையைக் குறைக்க, இறக்கையால் கூடும் குறுக்குவெட்டுப் பரப்பை உடலில் குறைத்தார்கள். என்ஜின் பலம் போதாமல், எண்ணிய வேகத்தை அந்த விமானம் எட்டவே இல்லை. ஆனால் அந்த வேகத்துக்காக வடித்த இடுப்பு இன்னும் அழகாக இருக்கிறது. உடலின் இரு பாதிகளைச் சேர்த்துவிட்டு இணைப்புக் கோட்டை மறைக்கத் தேய்ப்பாய் அல்லவா? கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தால் முதுகு தட்டையாகி அந்த வளைவு போயே போய்விடும். பேப்பரை ஸ்பாஞ்சில் சுற்றிக்கொள். கோட்டின் நெடுகத் தேய்க்காதே. குறுக்காக, முதுகின் வளைவு போகிற போக்கில் தேய். நாலு இழுப்புக்கு ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். 1/72 அளவில் உன் மாடல் 22 சென்டிமீட்டர் நீளம்தான். அரை மில்லிமீட்டர் அதிகம் தேய்ந்தால், நிஜ விமானத்தில் 36 மில்லிமீட்டர் போன மாதிரி.

பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினைப் பிடிக்காது. சின்னப் பாகங்களுக்கு ஃபெவிக்விக், பாரம் தாங்கும் இடங்களுக்கு அரால்டைட். இறக்கையை வெறும் பசையை நம்பி ஒட்டாதே. இரு பக்கமும் துளை போட்டுப் பித்தளைக் கம்பியைச் சொருகி ஒட்டு. குழியை ஃபெவிக்விக் விட்டு அடைக்கலாம், ஆனால் இறுகியதும் உடனே தேய்த்துவிடு. ஒரு ராத்திரி விட்டால் அது ரெசினைவிடக் கெட்டியாகி, சுற்றியுள்ள இடம்தான் பள்ளமாகும். விமானி உட்காரும் இடத்துக்குத் தனியாக விற்கும் அலங்காரச் சாமான்களை இப்போது வாங்காதே. மூடிய பிறகு அதில் பாதி கண்ணுக்கே தெரியாது.

கண்ணாடிக் கூண்டு மெல்லிய தகடாக வந்திருக்கும். உள்ளே களிமண்ணை அடைத்துக்கொண்டு புது பிளேடால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறி வெட்டு. அதை ஒட்ட ஃபெவிகால்தான். ஃபெவிக்விக்கின் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும்.

நிறத்தில் என் யோசனை: பளபளக்கும் உலோக நிறம் வேண்டாம். அது ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும். 1971 இந்திய-பாகிஸ்தான் போர்க்காலத்துப் பச்சையும் பழுப்பும் அடி. பிரைமர் அடித்ததும் தெரியாத குழிகளெல்லாம் தெரியவரும். திரும்பப் பட்டி பார்த்துத் தேய்த்து மறுபடி பிரைமர் அடி. இந்தச் சுற்று சலிப்பாகத்தான் இருக்கும். எங்கே நிறுத்துவது என்பதும் உன் முடிவுதான். அடிவயிற்றில், யாரும் பார்க்காத மூலையில் இருக்கும் ஒரு குழியை நானாக இருந்தால் விட்டுவிடுவேன். முதுகிலும் மூக்கிலும் விடமாட்டேன்.

கடைசியாக எடை. ரெசின் கனமானது, பின்பக்கம் முழுக்கக் கட்டி. மூக்கில் தூண்டில் ஈயக்குண்டு வைக்காவிட்டால் விமானம் வாலில் உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும் டேப்பால் சேர்த்து, பின்சக்கரம் வரும் இடத்தில் இரு விரலால் தாங்கி, மூக்கு தாழும்வரை ஈயம் சேர். அத்தனை பாரத்தையும் சக்கரக் கால்கள் தாங்க வேண்டும். ரெசினில் வார்த்த கால் நாளடைவில் வளையும். பித்தளைக் கம்பியில் செய்து மாட்டு.

உடலின் இரு பாதிகளையும் மூடுவதற்கு முன் ஒரு படம் அனுப்பு. ஈயம் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்