மலைப்பாதையில் மூச்சுத்திறன் வளர்ப்பது எப்படி?

சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டால் மலையகத்தில் மரதன் ஓட்டத்துக்குக் குறைவிருக்காது. கொடி அசைந்ததும் இளைஞர்கள் பாய்ந்து புறப்படுவார்கள். முதல் இரண்டு கிலோமீற்றருக்குள் பாதிப்பேர் ஏற்றத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பெரும்பாலும் அவர்களுக்குக் கால் பலம் குறைவில்லை. லயத்திலிருந்து பாடசாலைக்கும், கீழ்க்கணக்கிலிருந்து மேல்கணக்குக்கும் தினமும் ஏறி இறங்கிய கால்கள் அவை. அந்தக் கால்கள் கேட்கும் வேகத்தில் ஒட்சிசனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் திறன்தான் போதவில்லை. அந்தத் திறனை முறையான பயிற்சியால் வளர்க்கலாம்.

வளர்த்துக் காட்டியவர்கள் இந்த மண்ணிலேயே இருக்கிறார்கள். ஹற்றன் வெலிஓயாவிலிருந்து இராணுவத்தில் சேர்ந்து, 10,000 மீற்றர் ஓட்டத்தில் தேசிய வெற்றியாளரான குமார் சண்முகேஸ்வரன் அவர்களில் ஒருவர். உலகின் தலைசிறந்த மரதன் வீரர்களில் ஒருவரான எலியுட் கிப்சோகே பிறந்த கென்யாவின் நந்தி மாவட்டமும் தேயிலை விளையும் மலைநாடுதான்.

ஒருவர் முழு மூச்சாக ஓடும்போது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் ஒட்சிசனைப் பயன்படுத்துகிறார் என்ற கணக்கை ‘விஓ2 மெக்ஸ்’ என்கிறார்கள். 1920களில் பிரித்தானிய உடலியலாளர் ஏ.வி. ஹில் இதை அளக்க வழி காட்டினார். பயிற்சி இல்லாத இளைஞருக்கு இது 40 முதல் 45 வரை இருக்கும். உலகத்தர நெடுந்தூர வீரர்களுக்கு 70ஐத் தாண்டும். ஆனால் இந்த எண் மட்டுமே வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் மரதனில் தங்கம் வென்ற அமெரிக்கர் பிராங்க் ஷோர்ட்டருக்கு அளவிடப்பட்டது ஏறத்தாழ 71. அதே ஒலிம்பிக்கில் 5,000 மீற்றரில் நான்காவதாக வந்த ஸ்டீவ் பிரிபொன்டெய்னுக்கு 84. போட்டிகள் வேறு என்றாலும், இருக்கும் ஒட்சிசனைச் சிக்கனமாகச் செலவழித்து ஓடுவதும் ஒரு திறன் என்பது இதிலிருந்து தெரிகிறது. கீழே வரும் படிகள் இரண்டையும் சேர்த்தே வளர்க்கும்.

படி 1: இருக்கும் உயரத்தைத் தெரிந்துகொள்வது

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹற்றன் சுமார் 1,270 மீற்றர். காற்றில் ஒட்சிசனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். உயரம் கூடக்கூடக் குறைவது காற்றின் அழுத்தம். நுவரெலியாவில் அது கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. ஹற்றனில் சுமார் 86 சதவீதம். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்துக்குப் போய்ச்சேரும் ஒட்சிசன் குறைகிறது. நன்கு பயிற்சி பெற்றவரின் உச்சத்திறன்கூட நுவரெலியாவில் பத்தில் ஒரு பங்குவரை இறங்கலாம். கொழும்பில் ஓடிய ஒருவரின் நேரத்தை இலக்காக வைத்துக்கொண்டு நுவரெலியாவில் ஓடி, எட்ட முடியவில்லையே என்று மனம் தளரத் தேவையில்லை.

உயரத்தில் வாழ்வதால் நன்மையும் உண்டு. ஒட்சிசன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபொயட்டின் என்ற ஹோர்மோனைச் சுரக்கிறது. அது சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது. ஆனால் இந்த விளைவு தெளிவாகத் தெரிவது 2,000 மீற்றருக்கு மேல் வாழும்போதுதான். நுவரெலியா அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, ஹற்றன் வெகு கீழே. உயரத்தை மட்டும் நம்பி இங்கே யாரும் வேகமாகிவிட முடியாது.

படி 2: பன்னிரண்டு நிமிடத்தில் அளந்து பார்ப்பது

ஆய்வுகூடம் தேவையில்லை. அமெரிக்க வைத்தியர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட சோதனைக்கு ஒரு கடிகாரமும் மட்டமான ஓட்டப்பாதையும் போதும். பாடசாலை மைதானம், நுவரெலியாவில் கிரகரி வாவிக்கரை, ஹற்றன் பக்கத்தில் நோர்வூட் மைதானம் என எதுவாகவும் இருக்கலாம். பத்து நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்கிவிட்டு, 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு ஓட வேண்டும். ஓடிய மீற்றரிலிருந்து 504.9ஐக் கழித்து, மிகுதியை 44.73ஆல் வகுத்தால் விஓ2 மெக்ஸ் தோராயமாகக் கிடைக்கும்.

200 மீற்றர் சுற்றளவுள்ள மைதானத்தில் ஒரு மாணவி பதின்மூன்றரைச் சுற்று ஓடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,700 மீற்றர், கணக்குப்படி 49. எட்டு வாரத்தின் பின் அதே மைதானத்தில் பதினான்கரைச் சுற்று, அதாவது 2,900 மீற்றர் ஓடினால் 53.5. மலையில் ஓடியதால் இரண்டு எண்களுமே உண்மையைவிடச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். அதனால் பாதகமில்லை. அவள் தன்னுடைய பழைய எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். மைதானமும், நேரமும், முடிந்தவரை காலநிலையும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 3: மெதுவாக ஓடப் பழகுவது

தோட்டத்து ஓட்டக்காரர் அதிகமாகத் தடுமாறும் இடம் இது. சமதரையில் மெதுவாக ஓடுவது எளிது. மலைப்பாதையிலோ ஒவ்வொரு வளைவும் ஏற்றமாக இருப்பதால், சாதாரண ஓட்டம் என்று புறப்பட்டதுகூட மூச்சு முட்டும் ஓட்டமாக முடிகிறது. தினமும் இப்படி ஓடினால் களைப்பு சேர்கிறதே தவிர அடித்தளம் சேர்வதில்லை.

இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுவது, தசைக்குள் மயிர்த்துளைக் குழாய்கள் பெருகுவது, ஒட்சிசனைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் இழைமணிகள் அதிகரிப்பது ஆகியவற்றுக்கு நீண்ட நேரம் மெதுவாக ஓடும் ஓட்டமே அடிப்படை. உலகத்தர நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் செய்லர், அவர்கள் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீதத்தை இலேசாகவே செய்கிறார்கள் என்று கண்டார்.

மெதுவா இல்லையா என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பேச்சு. பக்கத்தில் ஓடும் தோழியோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது சரியான வேகம். இரண்டிரண்டு சொல்லாக உடைந்தால் வேகம் கூடிவிட்டது. இரண்டாவது, நாடித்துடிப்பு. வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழித்தால் உச்சத்துடிப்பு தோராயமாகக் கிடைக்கும். 18 வயதுக்கு அது 195. அதில் 65 முதல் 75 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 127 முதல் 146 வரை இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திய உடனே கழுத்தில் விரல் வைத்து 15 செக்கன் எண்ணி, நான்கால் பெருக்கினால் போதும்.

ஏற்றத்தில் துடிப்பு எல்லை தாண்டினால் நடக்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏறும்போது வேகத்தைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடுவதே மலைப்பயிற்சியின் முதல் ஒழுங்கு. ஆரம்பத்தில் 30 நிமிடம், வாரத்துக்கு மூன்று நாள் போதும். பிறகு ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டி, வாரத்தில் ஒரு நாள் 75 நிமிடம்வரை கொண்டுபோகலாம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவைக் குறைத்து உடலை ஆறவிட வேண்டும்.

படி 4: வாரம் ஒருமுறை ஏற்றத்தில் உச்சத்தைத் தொடுவது

அடித்தளம் ஆறு வாரம் போட்டபின் இந்தப் படி. நோர்வேயில் ஹெல்கெருட் குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு நிமிட வேக ஓட்டத்தை நான்கு முறை, இடையில் மூன்று நிமிட இலேசான ஓட்டத்தோடு செய்தவர்களின் விஓ2 மெக்ஸ் எட்டு வாரத்தில் ஏழு சதவீதம் அளவில் உயர்ந்தது. அவர்கள் வாரம் மூன்று முறை ஓடினார்கள். பாடசாலை ஓட்டக்காரருக்கு ஒன்று போதும், தேர்ந்தவருக்கு இரண்டு.

தொழிற்சாலையிலிருந்து மேல்கணக்குக்குப் போகும் பாதையைப் போல, ஒரே சீராக ஏறும் தெரு இதற்குப் பொருத்தம். செங்குத்தான குறுக்குப்பாதை வேண்டாம். நான்கு நிமிடத்தின் முடிவில் துடிப்பு உச்சத்தின் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் கடைசி முறையும் முதல் முறை எட்டிய அதே மரத்தை எட்ட வேண்டும். முதல் ஏற்றத்தில் பறந்து நான்காவதில் தள்ளாடினால் வேகம் பிழை.

இறங்கும்போது கவனம் தேவை. இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டபடியே சுமை தாங்குவதால் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, இரண்டு மூன்று நாள் வலிக்கும். சிறிய அடி வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, மெதுவாக இறங்க வேண்டும்.

படி 5: வேகத்துக்காகக் கீழே இறங்குவது

உயரத்தில் மூச்சு முந்திக்கொண்டு தீர்ந்துவிடுவதால் கால்கள் முழு வேகத்தைப் பழகுவதில்லை. இதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் லெவினும் ஸ்ட்ரே கண்டர்சனும் 1997இல் ஒரு வழி காட்டினார்கள். ஓட்டக்காரர்களை 2,500 மீற்றர் உயரத்தில் வாழவைத்து, 1,250 மீற்றரில் பயிற்சி செய்யவைத்தபோது அவர்களின் 5,000 மீற்றர் நேரம் முன்னேறியது. அந்தப் பயிற்சி உயரம் ஏறக்குறைய ஹற்றனின் உயரம்.

ஆகவே நுவரெலியா, நானுஓயா பக்கம் இருப்பவர் பத்து நாளைக்கு ஒருமுறை பஸ்ஸில் தலவாக்கலைக்கோ ஹற்றனுக்கோ இறங்கி, மட்டமான மைதானத்தில் 400 மீற்றரை எட்டு முறை, போட்டி வேகத்தைவிடச் சற்று விரைவாக ஓடிவிட்டு வரலாம். ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிட ஓய்வு வேண்டும். ஹற்றனில் இருப்பவருக்குச் சொந்த ஊர் மைதானமே போதும்.

படி 6: இரத்தத்தைக் கவனிப்பது, தேத்தண்ணியைத் தள்ளிவைப்பது

நுரையீரல் எவ்வளவு இழுத்தாலும் ஒட்சிசனைச் சுமப்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். இரத்தச்சோகை தோட்டத்துப் பெண்களிடம் நெடுங்காலமாக இருக்கும் பிரச்சினை. மாதவிடாயும் கடும் பயிற்சியும் சேரும்போது ஓடும் மாணவிகளுக்கு ஆபத்து இரட்டிப்பு. வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைப்பு, படி ஏறினாலே படபடப்பு, நேரம் தொடர்ந்து பின்னடைவது போன்ற அறிகுறிகள் தெரிந்தால் பயிற்சியைக் கூட்டாமல் வைத்தியசாலையில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12 கிராமுக்கும், ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அது இரத்தச்சோகை. இரும்பு மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் விழுங்கக் கூடாது.

சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இந்த விடயத்தில் எதிரி. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் கீரை, பருப்பு, மா வகைகளில் உள்ள இரும்போடு பிணைந்து, குடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. காலையில் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டு, கையோடு கோப்பையையும் காலி செய்தால் இரும்பின் பெரும்பகுதி வீணாகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் பாதிப்பு வெகுவாகக் குறைகிறது. உணவில் தேசிக்காய் பிழிந்துகொண்டாலோ, பின்னால் ஒரு கொய்யா சாப்பிட்டாலோ உறிஞ்சுதல் கூடும். நெத்தலி, முட்டை, ஈரல், வல்லாரை, கடலை ஆகியவை அடிக்கடி தட்டில் வரட்டும்.

படி 7: வாரத்தை ஒழுங்குபடுத்துவது

திங்கள் ஓய்வு. செவ்வாய் 40 நிமிடம் மெதுவாக. புதன் ஏற்றத்தில் நான்கு நிமிடம் நான்கு முறை. வியாழன் 30 நிமிடம் மிக மெதுவாக. வெள்ளி ஓய்வு, அல்லது வயிறு, இடுப்புத் தசைகளுக்கான உடற்பயிற்சி. சனி 40 நிமிடம் மெதுவாக, முடிவில் 80 மீற்றர் விரைவோட்டம் ஆறு. ஞாயிறு 60 முதல் 75 நிமிட நீண்ட ஓட்டம். மைதானத்துக்கு இறங்கும் வாரத்தில் புதன் பயிற்சிக்குப் பதிலாக அதைச் செய்ய வேண்டும், இரண்டையும் சேர்க்கக் கூடாது.

பாதுகாப்பும் பயிற்சியில் ஒரு பகுதி. தேயிலை மலைகளில் குளவி கொட்டி உயிர் போன சம்பவங்கள் பல. கூடு இருக்கும் மரங்களைப் பெரட்டுக்குப் போகிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பாதையைத் தவிர்க்க வேண்டும். சிறுத்தை நடமாடும் இடங்களில் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் தனியாக ஓடக் கூடாது. மூடுபனியில் வாகனச் சாரதிக்குத் தெரியும்படி வெளிர்நிற மேலாடை வேண்டும். மே முதல் செப்டெம்பர்வரை ஹற்றன் பக்கம் பெய்யும் தென்மேற்குப் பருவமழையில் கல்பாதை வழுக்கும். அந்த மாதங்களில் தார்வீதியே நல்லது.

படி 8: கொழும்புக்குப் போகுமுன்

சுகததாச விளையாட்டரங்கில் மலையக ஓட்டக்காரருக்குப் பெரும் சோதனை வெயிலும் புழுக்கமும்தான். 16 பாகை சராசரி வெப்பநிலையில் பழகிய உடல் 30 பாகையில் ஓடும்போது, தோலைக் குளிர்விக்க இரத்தம் திரும்புவதால் தசைக்குக் கிடைப்பது குறைகிறது. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். முடிந்தால் பத்து நாள் முன்னதாகத் தாழ்நிலத்துக்கு இறங்கி, முதல் சில நாள் இலேசாக ஓட வேண்டும். போக முடியாதவர்கள் கடைசி இரண்டு வாரமும் நண்பகலில், கூடுதல் உடுப்போடு, மெதுவான ஓட்டங்களைச் செய்யலாம். தண்ணீர் கையிலிருக்க வேண்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும். போட்டியன்று முதல் கிலோமீற்றரை இலக்கு வேகத்தைவிட ஐந்து செக்கன் மெதுவாகத் தொடங்குவது பாதுகாப்பானது.

பன்னிரண்டு நிமிடச் சோதனையை எட்டு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்து, சுற்று எண்ணிக்கை, காலை எழுந்ததும் எடுத்த நாடித்துடிப்பு, உறக்கம், மாணவிகளானால் மாதவிடாய்த் திகதி ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவர வேண்டும். வலயமட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது அந்தக் கொப்பியை விளையாட்டு ஆசிரியரிடம் காட்டினால், 1,500 மீற்றரா, 5,000 மீற்றரா, மரதனா என்பதை ஊகத்தில் விடாமல் எண்களைப் பார்த்தே முடிவு செய்யலாம்.