வாடிக்கையாளர் கார்: பேட்டரி பத்திரம்!

காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும்போது நாலு கதவும் மணிக்கணக்கில் திறந்தே கிடக்கும். பேட்டரி இறங்குவது பெரும்பாலும் அப்போதுதான். கூரை விளக்கை அணைத்தால் மட்டும் போதாது. புதிய கார்களில் கதவு திறந்திருந்தாலே உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கும். பல கார்களில், கதவோரத்துப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் மெல்லத் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவந்தால், கதவு சாத்தியதாகவே வண்டி எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து அந்தக் கொக்கியைக் கட்டாயம் விடுவியுங்கள். மறந்து ஓங்கிச் சாத்தினால் பூட்டே உடையும்.

ஸ்மார்ட் சாவியைக் காரிலிருந்து தள்ளி மாட்டுங்கள். கார் ஸ்டீரியோவில் பாட்டு வேண்டாம். இரண்டு மூன்று நாள் நிற்கும் வண்டிக்கு பேட்டரி சார்ஜர் நல்லது.

வேலை தொடங்குமுன், இன்ஜின் அணைந்து சற்று நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான். அதை உரிமையாளரிடம் அப்போதே காட்டிவிடுங்கள்.