எடை குறையட்டும், மனம் குன்ற வேண்டாம்



2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அதிக எடை உள்ளவர்கள். நம் முத்துப்பேட்டைப் பக்கமும் நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை. எனவே எடை கூடியது வெட்கப்பட வேண்டிய குற்றம் அல்ல.

எது சரியான எடை?

5 அடி உயரமுள்ள பெண்ணுக்கு 43 முதல் 53 கிலோ, 5 அடி 6 அங்குல ஆணுக்கு 52 முதல் 64 கிலோ போதுமானது. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90 செ.மீ. தாண்டக் கூடாது. தாண்டினால் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு அதிகம்.

கேலி மருந்தாகாது

உறவினர் முன்னால் மனைவியைக் "குண்டு" என்று கூப்பிடும் கணவர் உண்டு. கணவரின் தொந்தியைச் சொல்லிச் சிரிக்கும் மனைவியும் உண்டு. கேலிக்கு ஆளானவர் பட்டினி கிடப்பார். பிறகு பசி தாங்காமல் அதிகம் சாப்பிடுவார். எடை பார்க்கவும் கூசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரமாட்டார். நோய் உள்ளே வளரும்.

பிள்ளை பெற்ற வயிற்றின் வரிகளும், இளைத்தபின் தொங்கும் தோலும் இயற்கை. அவற்றில் அவமானம் ஏதுமில்லை.

"என்ன, வாடிப் போயிட்டே?"

எடை குறையத் தொடங்கியதும் ஊரார் இப்படித்தான் கேட்பார்கள். "முகக்களையே போச்சே, சர்க்கரையா?" என்பார்கள். இதைக் கேட்டுப் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது துணையாக நிற்க வேண்டியவர் வீட்டுக்காரரே. "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் குறைக்கிறோம்" என்று அவரே பதில் சொல்லட்டும்.

இருவரும் செய்ய வேண்டியவை

1. சோற்றைச் சிறிது சிறிதாகக் குறைத்து, கீரை, காய், பருப்பைக் கூட்டுங்கள். மீனை வறுக்காமல் குழம்பு வையுங்கள். மனைவிக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம்.
2. தினம் அரைமணி நேரம் சேர்ந்து வேகமாக நடங்கள்.
3. இரு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். வாரம் அரைக்கிலோ குறைந்தால் போதும். சில வாரம் குறையாது. அது தோல்வி அல்ல.
4. "இளைச்ச பிறகு கல்யாணத்துக்குப் போகலாம்" என்று வீட்டில் அடைந்து கிடக்காதீர்கள்.
5. "படி ஏறினா இப்ப மூச்சு வாங்கலையே" என்று கண்ட நன்மையைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

எச்சரிக்கை

கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலக் கூடாது. பாலூட்டும் தாய் பட்டினி கிடக்கக் கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை அல்லது ஊசி போடுபவர் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்க வேண்டாம். முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரையோ காசநோயோ இருக்கலாம். சந்தேகம் இருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

உடம்பைக் குறைப்போம், ஒருவரையொருவர் குறைத்துப் பேச மாட்டோம்!