மலையடிச் சாலையில் ஒரு மழைநாள்



இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இந்தத் தொலைவுக்கு ஒரு முழு நாளை, அதுவும் மழைநாளை, நண்பனோடு செலவிடுவது தகுமா என்று நீ கேட்டால், தம்பி, தகும் என்பதே விடை. ஓர் ஊரின் உணவுக்கு அந்த ஊரின் சுவை எங்கிருந்து வந்தது என்பதை மற்ற நாள்களில் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிய வேண்டும். மழைநாளிலோ அது மலைச்சரிவிலும் ஓடையிலும் கண்மாய்க் கரையிலும் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும்.

புறப்படும் மாதத்தை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் மோதித் தன் நீரில் பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிடுவதால், மலையின் கிழக்கே உள்ள இந்தப் பகுதி மழைமறைவுப் பிரதேசமாகிறது. மலையைத் தாண்டி வரும் காற்று தூவிச் செல்லும் மெல்லிய தூறலாகிய சாரலே அந்த மாதங்களில் இங்கு வாய்க்கும். கண்மாயை நிரப்பும் மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. கண்மாய் என்பது பாண்டிநாட்டார் ஏரிக்கு வழங்கும் பெயர். அது நிரம்பி, மிகைநீர் வழிவதற்கெனக் கட்டப்பட்ட கலுங்கின் வழியாக வெளியேறுவதை இங்குள்ளோர் ‘மறுகால் பாய்கிறது’ என்பர். மறுகால் பாயும் கண்மாயைக் கண்டால் வண்டியை ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் பார்ப்பது நல்லது. அடுத்த அறுவடைக்கான சோறு அங்கேதான் தொடங்குகிறது.

மழையை உற்றுப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதன்று. இவ்வூரில் தோன்றிய ஆண்டாள், 30 பாசுரங்களைக் கொண்ட திருப்பாவையின் 4ஆம் பாசுரத்தை முழுமையாக மழைக்கே அளித்து, மேகம் கடலில் நீரை முகந்து, மேலேறி, கருத்து, மின்னி, இடித்து, பொழிவதை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். அவருடைய மற்றொரு நூலான நாச்சியார் திருமொழியின் 8ஆம் திருமொழி, அதாவது எட்டாம் பத்து, முழுவதும் மேகங்களைத் தூது விடுவதாக அமைந்தது. மலைமேல் கருமேகம் கவிந்திருக்கும் ஒரு பிற்பகலில் இந்தச் சாலையில் நிற்பவருக்கு, அந்த வரிசை கற்பனை மட்டுமன்று என்பது விளங்கும்.

காலைப்பொழுதை இராஜபாளையத்தில் தொடங்குவது பொருத்தம். நகரின் மேற்கே மலையடிவாரம் வரை தென்னையும் மாவும் அடர்ந்த தோப்புகள் விரிந்திருப்பதால், சிற்றுண்டிக்கு வரும் தேங்காய்ச் சட்னிக்கும் அந்தத் தோப்புகளுக்கும் இடையே நெடுந்தொலைவு இல்லை. மாம்பழத்தை மட்டும் ஐப்பசியில் தேட வேண்டாம்; அதன் காலம் சித்திரை, வைகாசி. மலையடிவாரத்திலுள்ள அய்யனார் கோயில் ஆற்றுப் பகுதிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்புக்கும் செல்ல விருப்பம் எழுவது இயல்பு. ஆனால், மலையின் உச்சியில் பெய்யும் மழை, அடிவாரத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே திடீர் வெள்ளமாக இறங்கிவிடும். இத்தகைய காட்டாற்று வெள்ளத்தில் அகப்பட்டோர் பலர். வனத்துறை தடை விதித்திருந்தால் திரும்பிவிடுவதே அறிவுடைமை. நண்பன் தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் மதிக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சேர்ந்ததும், அவ்வூரின் பால்கோவாவுக்கு நண்பகலுக்குப் பிந்திய நேரத்தை ஒதுக்குக. பசும்பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராத இந்த இனிப்பில் ஒளிந்திருக்கும் கைத்திறன் பெரிது. பசும்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு நீர். அகன்ற இரும்பு வாணலியில், விறகடுப்பின் வெப்பத்தில், அடிபிடிக்காமல் இடைவிடாது கிண்டிக்கொண்டே இருந்தால் அந்த நீர் ஆவியாகி, கொழுப்பும் புரதமும் பாலின் இயற்கைச் சர்க்கரையும் செறிந்து நிற்கும். புரதமும் சர்க்கரையும் வெப்பத்தில் வினைபுரிவதால்தான் அந்த இளம்பழுப்பு நிறமும், வேறு மணப்பொருள் வேண்டாத மணமும் உண்டாகின்றன. கை ஓய்ந்தால் பால் தீயும். தீ மிகுந்தாலும் தீயும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பாலைச் சில நாள்களேனும் காப்பதற்குச் சுண்டக் காய்ச்சுவது ஒரு வழியாக இருந்தது என்பதை நினைத்தால், இது ஆடம்பரமாக மட்டும் பிறந்த பண்டம் அன்று என்பது புலப்படும். மழை புல்லாகி, புல் பாலாகி, பால் கோவாவாகும் வரிசையின் கடைசிப் படியே வாணலி.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் தரமும் பெயரும் அது உருவாகும் இடத்தோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டு வழங்கும் சான்றே புவிசார் குறியீடு. கிலோக்கணக்கில் வாங்கிப் பையை நிரப்புவதைவிட, அன்று கிண்டியதுதானா என்று கேட்டு, சூடு ஆறுமுன் சிறிதளவு வாங்கி, கடையின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று இருவரும் பகிர்ந்துண்பதே சிறந்த முறை. ஈரக்காற்று மிகுந்த நாள்களில் அது விரைவில் கெடும் என்பதும் இதற்கொரு காரணம்.

பாலுக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவு கடைத்தெருவோடு முடிவதில்லை. அக்காரம் என்றால் சர்க்கரை, அடிசில் என்றால் சமைத்த உணவு. பாலில் அரிசியைக் குழைய வேகவைத்து வெல்லமும் நெய்யும் சேர்த்துச் சமைப்பது அக்கார அடிசில். அழகர்கோயிலில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கு நூறு பாத்திரம் வெண்ணெயும் நூறு பாத்திரம் அக்கார அடிசிலும் படைப்பதாக நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் நேர்ந்துகொண்டார். பின்னாளில் வைணவ ஆசாரியரான இராமானுசர் அந்த நேர்த்தியை நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது ஆண்டாள் அவரை ‘அண்ணா’ என்று அழைத்ததாக வைணவ மரபு கூறுகிறது. அவருக்குக் ‘கோயில் அண்ணர்’ என்ற பெயர் அதனால் வந்தது. ஒருவர் நேர்ந்த சோற்றை மற்றொருவர் படைத்ததால் உறவு உண்டான இந்தச் செய்தி, உணவுக்காகப் புறப்படும் நண்பர் இருவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. மார்கழி 27ஆம் நாளாகிய கூடாரவல்லியன்று வைணவக் கோயில்களில் இன்றும் அக்கார அடிசில் படைக்கப்படுகிறது.

மாலையில் பசி மீண்டும் எழும்போது, இவ்விரு ஊர்களும் உள்ள விருதுநகர் மாவட்டத்தில் பெயர்பெற்ற எண்ணெய் பரோட்டாவைத் தேடலாம். மைதா மாவைப் பிசைந்து ஊறவைத்து, வீசி, சுருட்டி, சிறிதாகத் தட்டி, குழிவான கல்லில் எண்ணெய் ஊற்றி மொறுமொறுப்பாகப் பொரித்தெடுக்கும் அதைப் பிய்த்துச் சால்னா ஊற்றி ஊறவைத்து உண்பது வழக்கம். வழித்தீனிக்குச் சாத்தூர்க் காராச்சேவு உண்டு. இந்த மலையோரத்து ஓடைகள் சேரும் வைப்பாறு சாத்தூரைத் தொட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது.

இந்த ஓடைகள் பிறக்கும் மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. மழையைப் பிடித்துவைத்து ஓடையாக இறக்கும் அந்தக் காட்டை நம்பியே கீழே உள்ள தோப்பும் தொழுவமும் வாழ்கின்றன. ஆகவே தம்பி, நீயும் உன் நண்பனும் மலையடிவாரத்தில் பொட்டலம் பிரித்து உண்டால், தாளையும் நெகிழிப் பையையும் ஓடைக்கரையில் விடாமல் ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். அந்த ஓடைநீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கி இராஜபாளையத்துக்குக் குடிநீராகச் செல்கிறது.